பழைய பொழுதுபோக்குப் பூங்கா டோக்கன்: எந்த ஊர், எந்தக் காலம் என்று கண்டறிவது எப்படி?

வெளிநாட்டு நாணயங்களைக் கலப்பாக, கிலோ கணக்கில் வாங்கிப் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு இது பழகிய அனுபவம். குவியலுக்குள்ளிருந்து ஒரு வில்லை வந்து விழும். அரசர் தலை இருக்காது, நாட்டின் பெயர் இருக்காது. ஒரு பக்கத்தில் ‘ஒரு சவாரிக்குச் செல்லும்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம். மறுபக்கத்தில் ஏதோ ஒரு பார்க்கின் பெயர். பலர் அதைச் செல்லாக்காசு என்று தனியே ஒதுக்கிவிடுவார்கள். நான் ஒதுக்காமல் சேர்க்கத் தொடங்கி ஆண்டுகள் ஆகிவிட்டன. என்னிடம் படம் காட்டிக் கேட்பவர்களின் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்றுதான்: ‘இது எந்த ஊர்?’ என்று கேட்பதற்கு முன் ‘இது என்ன வேலை செய்தது?’ என்று கேளுங்கள்.

டோக்கன் கைக்கு வந்ததும் முதலில் என்ன செய்வது?

எதுவும் செய்யாதீர்கள். குறிப்பாக, தேய்க்காதீர்கள்.

பித்தளை என்றால் புளி என்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். குத்துவிளக்கைப் பளபளக்க வைக்கும் அதே புளி, டோக்கனின் மேல் பல பத்தாண்டுகளாகப் படிந்த நிறத்தை ஒரு நிமிடத்தில் கரைத்துவிடும். தொடக்கத்தில் நானும் ஒரு பித்தளை டோக்கனைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கினேன். மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்த சிறிய எழுத்துகள் அதோடு போயின. பள்ளத்தில் தங்கியிருந்த கருமைதான் அந்த எழுத்துகளை எடுத்துக்காட்டிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அதைச் செய்தவர் யார் என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே வரி அது. இன்றும் அந்த டோக்கனை எடுத்துப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

தேய்க்காமல் மங்கலான எழுத்தை எப்படிப் படிப்பது?

இருட்டறையில் டார்ச் விளக்கை டோக்கனுக்குப் பக்கவாட்டில், மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பிடியுங்கள். டோக்கனை மெல்லச் சுழற்றினால் எழுத்துகளின் நிழல் ஒவ்வொரு கோணத்தில் ஒவ்வொன்றாக எழும். ஏழெட்டுக் கோணங்களில் படம் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து விளையாடினோம் அல்லவா? மெல்லிய தாளும் மென்மையான பென்சிலும் இருந்தால் அந்த முறையும் இன்றும் பயன்படுகிறது.

எவற்றையெல்லாம் அளக்க வேண்டும்?

விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் மில்லிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். எடையை நகைத் தராசில், கிராமில் இரண்டு தசம இடங்கள் வரை குறியுங்கள். தடிமன், விளிம்பு வழவழப்பா வரியோடியதா, நடுவில் துளை உண்டா, காந்தம் இழுக்கிறதா என்பவற்றையும் எழுதுங்கள். டோக்கனை இடமிருந்து வலமாகத் திருப்பும்போது மறுபக்கம் நேராக நிற்கிறதா, தலைகீழாக நிற்கிறதா என்பதும் பயனுள்ள குறிப்பு.

உலோகம் எது என்று கண்ணால் தீர்மானிக்க முடியாதபோது அடர்த்தியைக் கண்டுபிடிக்கலாம். தராசின் மேல் ஒரு சிறு கிண்ணம் நீர் வைத்து எடையைப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். டோக்கனை மெல்லிய நூலில் கட்டி, கிண்ணத்தின் அடியையும் பக்கங்களையும் தொடாமல் நீருக்குள் முழுமையாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் டோக்கனின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். 6.80 கிராம் எடையுள்ள டோக்கனை மூழ்கவிட்டதும் தராசு 0.80 காட்டினால் விடை 8.5, அது பித்தளை. அலுமினியம் 2.7 அளவில் நிற்கும், துத்தநாகம் 7.1 அளவில், தூய செம்பு 9-ஐ ஒட்டி. செல்லுலாய்டு (பழைய பிளாஸ்டிக் வகை), நார்ப்பலகை போன்றவற்றுக்கு நீர்ச் சோதனை வேண்டாம்.

உலோகத்தை வைத்துக் காலம் சொல்ல முடியுமா?

‘இதற்கு முன்னால் இருக்க முடியாது’ என்ற எல்லையை மட்டும் சொல்லலாம். அலுமினியம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறையைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் அது விலைமதிப்பான உலோகம். ஐந்து சென்ட் சவாரிக்கு அதில் டோக்கன் அடித்திருக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே சவாரிக்கான அலுமினிய டோக்கன் என்றால் 1890-களுக்கு முன் போகாது. ஆனால் மேல் எல்லை கிடையாது; நேற்றுக்கூட அடித்திருக்கலாம்.

‘அம்யூஸ்மென்ட்’ என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அப்படியென்றால் பூங்கா டோக்கன்தானே?

பெரும்பாலும் இல்லை. அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது.

‘ஃபார் அம்யூஸ்மென்ட் ஒன்லி’, அதாவது பொழுதுபோக்குக்கு மட்டும் என்ற வாசகம், காசு போட்டு இயக்கும் சூதாட்ட இயந்திரங்களோடு சேர்ந்து வந்தது. இயந்திரம் பணமாகத் தராமல் டோக்கனாகத் தந்தால் சூதாட்டச் சட்டத்திலிருந்து தப்பலாம் என்ற கணக்கு அது. ‘நோ கேஷ் வேல்யூ’, பண மதிப்பு இல்லை, என்ற வாசகமும் பூங்காவைக் காட்டுவதில்லை. கழுகுப் படத்தோடு அந்த வரியைத் தாங்கிய பித்தளை வில்லைகளை வீடியோ விளையாட்டுக் கூடங்கள் ஏராளமாகப் பயன்படுத்தின. 1977-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் தொடங்கிய சக் ஈ சீஸ் உணவகங்களின் டோக்கன்கள் கலப்பு மூட்டைகளில் அடிக்கடி வரும். அவற்றில் எலி உருவம் இருக்கும்.

இன்னொரு வகை, ஓரத்தைச் சுற்றி எழுத்துகள் குத்திய இலேசான அலுமினிய வில்லை. நடுவில் நட்சத்திரமோ நான்கு இலைச் செடியோ குதிரை லாடமோ, சுற்றிலும் யாரோ ஒருவரின் பெயர். இது டோக்கனே அல்ல. காசு போட்டு, முள்ளைத் திருப்பி, கைப்பிடியை அழுத்தி ஒவ்வோர் எழுத்தாகக் குத்திக்கொள்ளும் இயந்திரங்கள் விளையாட்டுக் கூடங்களிலும் ரயில் நிலையங்களிலும் இருந்தன. வந்தவர் தன் பெயரையோ காதலியின் பெயரையோ குத்தி எடுத்துப் போனார். என் சேகரிப்பில் இதற்கும் இடம் உண்டு. பூங்காவுக்கு வந்துபோன ஒரு மனிதரின் பெயர் அதில் நேரடியாக நிற்கிறதே.

அலுமினியத்தில் முகமூடி, கிரீடம், ஆண்டு ஆகியவை இருந்தால் நியூ ஆர்லியன்ஸ் நகரின் மார்டி கிரா விழா வில்லையாக இருக்கலாம். ஊர்வல வண்டிகளிலிருந்து கூட்டத்தை நோக்கி வீசும் இந்த வழக்கம் 1960-இல் தொடங்கியது.

சரி, பூங்காக்களில் டோக்கன் உண்மையில் எதற்கெல்லாம் பயன்பட்டது?

இந்தக் கேள்வியில்தான் நிதானமாக நிற்க வேண்டும். எல்லாப் பூங்காக்களும் சவாரிக்கு டோக்கன் கொடுக்கவில்லை. நியூயார்க்கின் கோனி ஐலண்டில் ஜார்ஜ் டில்யூ 1897-இல் திறந்த ஸ்டீபிள்சேஸ் பூங்கா, பல விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் என்ற முறையைப் புகழ்பெறச் செய்தது. அங்கே வட்டமான அட்டை டிக்கெட்டை உடையில் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு விளையாட்டிலும் அதில் ஓர் ஓட்டை போடுவார்கள். 1955-இல் திறந்த டிஸ்னிலாந்தில் விரைவிலேயே ஏ, பி, சி என்று தரம் பிரித்த காகித டிக்கெட் புத்தகம் வந்துவிட்டது. உலோகத்துக்கு வேலையே இல்லை. ஆகையால் பெரிய பூங்காவின் பெயர் கண்ணில் பட்டவுடன் ‘அங்கே ராட்டினத்துக்குக் கொடுத்த டோக்கன்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

குடை ராட்டினக்காரர், உணவுக் கடைக்காரர், பீர் கூடம், நடன அரங்கம் என்று பூங்காவுக்குள் தனித்தனிக் குத்தகைதாரர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் கணக்குக்குத் தானே டோக்கன் அடித்துக்கொள்ளலாம். ‘ஐந்து சென்ட் பெறுமான பொருளுக்குச் செல்லும்’ என்று இருந்தால் அது கடைக்கானது, சவாரிக்கானதல்ல. ஒரு எண்ணும் ஒரு துளையும் மட்டும் இருந்தால் குளியல் கூடத்தில் துணிப் பெட்டிக்குக் கொடுத்த அடையாள வில்லையாகவோ தொழிலாளியின் வருகை வில்லையாகவோ இருக்கலாம். கடலோரப் பூங்காக்களில் குளியல் கூடம் பெரிய வருமானம்.

அடுத்தது டிராம். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல பூங்காக்களைக் கட்டியவை டிராம் நிறுவனங்களே. வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்களால் வண்டி நிறையும். ஞாயிற்றுக்கிழமை காலியாக ஓடும். வழித்தடத்தின் கடைசியில் ஒரு பூங்கா இருந்தால் ஞாயிறும் நிறையும். பிட்ஸ்பர்க் அருகே 1898-இல் தோன்றிய கென்னிவுட் அப்படிப் பிறந்தது, இன்றும் இயங்குகிறது. ஓஹையோவின் யங்ஸ்டவுனில் 1899-இல் தோன்றிய ஐடோரா பூங்காவும் அதே வழியில் வந்தது. 1984-இல் தீ விபத்துக்குப் பிறகு அந்த ஆண்டோடு மூடப்பட்டது. பூங்கா பெயருடன் ‘ஒரு பயணக் கட்டணம்’ என்ற பொருளில் வாசகம் இருந்தால், அது ராட்டினத்துக்கா டிராமுக்கா என்று கட்டாயம் கேளுங்கள்.

வட்ட வில்லையாக இல்லாமல் வளையமாக இருந்தால் அது வேறொரு கதை. பழைய குடை ராட்டினங்களில் வெளிவரிசைக் குதிரையில் அமர்ந்தவர்கள், சுற்றிவரும்போது கையை நீட்டி ஒரு கம்பத்திலிருந்து வளையத்தைப் பிடுங்குவார்கள். பெரும்பாலானவை இரும்பு வளையங்கள். எப்போதாவது பித்தளை வளையம் வரும். அது கிடைத்தவருக்கு இன்னொரு சுற்று இலவசம்.

என்னுடையதில் ‘லூனா பார்க்’ என்று இருக்கிறது. கோனி ஐலண்ட் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. உலகில் ஒரே பெயரை இவ்வளவு இடங்கள் பகிர்ந்துகொண்ட பூங்கா வேறு இருக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை.

தொடக்கம் 1901-இல் பஃபலோ நகரில் நடந்த பான்-அமெரிக்கன் கண்காட்சி. அங்கே ஃபிரெடெரிக் தாம்சன் ‘சந்திரனுக்கு ஒரு பயணம்’ என்ற காட்சியை நடத்தினார். அதில் வந்த வானக் கப்பலின் பெயர் லூனா. அவரும் எல்மர் டண்டியும் சேர்ந்து 1903 மே மாதம் கோனி ஐலண்டில் லூனா பார்க்கைத் திறந்தார்கள். இரவில் மின்விளக்குகளால் ஒளிர்ந்த கோபுரங்களுக்காகவே மக்கள் திரண்டார்கள். 1944-இல் ஏற்பட்ட தீ விபத்து அதன் பெரும்பகுதியை அழித்தது. அதன் பிறகு அது மீளவில்லை.

ஆனால் 1905-லேயே ஃபிரெடெரிக் இங்கர்சால் என்பவர் பிட்ஸ்பர்க்கிலும் கிளீவ்லாந்திலும் லூனா பார்க் திறந்துவிட்டார். பிட்ஸ்பர்க்கில் இருந்தது 1909-இல் மூடப்பட்டது. கிளீவ்லாந்தில் இருந்தது 1929 வரை ஓடியது. சியாட்டில் நகரில் 1907 முதல் 1913 வரை ஒன்று இருந்தது. மெல்போர்னில் 1912-இலும் சிட்னியில் 1935-இலும் திறந்தவை இன்றும் வாயைத் திறந்த பெரிய முகங்களோடு வரவேற்கின்றன. பெர்லினில் இருந்த லூனாபார்க் 1933-இல் மூடப்பட்டது. இதோடு முடியவில்லை. இத்தாலி, துருக்கி, கிரீஸ், போலந்து ஆகிய நாடுகளில் அந்தப் பெயர் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. நாம் எந்த நிறுவனத்து நகல் இயந்திரத்தையும் ‘ஜெராக்ஸ்’ என்பதுபோல, அங்கே எந்தப் பூங்காவும் லூனாபார்க்தான்.

எனவே கவனிக்க வேண்டியவை: இரண்டு சொற்களாக எழுதியிருக்கிறதா, ஒரே சொல்லாகவா? ஒரே சொல் என்றால் ஐரோப்பாவையும் துருக்கியையும் முதலில் பாருங்கள். தொகை எந்தக் குறியில்? சென்ட் குறி அமெரிக்காவையும் கனடாவையும் காட்டும்; பென்னியைக் குறிக்கும் ‘டி’ எழுத்து பிரிட்டனையும், தசம நாணயத்துக்கு மாறுவதற்கு முந்தைய ஆஸ்திரேலியாவையும் காட்டும். டோக்கனைக் குறிக்கும் சொல்லும் மொழியைக் காட்டும்: ‘வேர்ட்மார்க்க’ என்றால் ஜெர்மன், ‘ஜெட்டோனெ’ என்றால் இத்தாலியம், ‘ஃபிச்சா’ என்றால் ஸ்பானியம் அல்லது போர்ச்சுகீசியம். ‘ஃபிரைஃபார்ட்’ என்பது ஜெர்மன் மொழியில் இலவசச் சவாரி. ‘ஷெத்தோன்’ என்று பிரெஞ்சுக்காரர் சொல்வதைத் துருக்கியர் ‘ஜெடோன்’ என்று எடுத்துக்கொண்டார்கள்; எழுத்துக்கூட்டு ஒன்றே என்பதால் அந்தச் சொல்லை மட்டும் நம்பக் கூடாது.

எழுத்துகளில் வேறு காலக் குறிப்புகள் உண்டா?

உண்டு; மிகவும் பயனுள்ளது ஒன்று. அமெரிக்க அஞ்சல் துறை 1963-இல் அஞ்சல் குறியீட்டு எண்ணோடு மாநிலங்களுக்கு இரண்டெழுத்துச் சுருக்கங்களையும் கொண்டுவந்தது. டெக்சாஸ் ‘டிஎக்ஸ்’ ஆனதும் கலிஃபோர்னியா ‘சிஏ’ ஆனதும் மிச்சிகன் ‘எம்ஐ’ ஆனதும் அப்போதுதான். அதற்கு முன் ‘டெக்ஸ்.’, ‘கலிஃப்.’, ‘மிச்.’ என்று நீண்ட சுருக்கங்கள் வழங்கின. ஆனால் நியூயார்க், பென்சில்வேனியா போன்றவற்றுக்கு இரண்டெழுத்துச் சுருக்கம் முன்பே வழக்கில் இருந்ததால் அவற்றில் இந்தச் சோதனை பலிக்காது.

பிரிட்டனில் 1971 பிப்ரவரி 15 அன்று பழைய ஷில்லிங்-பென்ஸ் முறை போய்த் தசம முறை வந்தது. ‘6டி’ என்று இருக்கும் டோக்கனுக்கு அது மேல் எல்லை. நம் நாட்டில் இதே வேலையைச் செய்வது அணா. 1957 ஏப்ரலில் அணாவுக்குப் பதிலாக நயா பைசா வந்தது.

ஓரத்தில் ‘சிகாகோ’ என்று மிகச் சிறிய எழுத்தில் இருக்கிறது. ஊர் கிடைத்துவிட்டதா?

கிடைத்தது அச்சடித்தவரின் ஊர். பெரிய எழுத்தில் இருப்பது பயன்படுத்தியவர். மிகச் சிறிய எழுத்தில் ஓரமாக இருப்பது பெரும்பாலும் செய்தவர். சிகாகோவின் மேயர் அண்ட் வென்தே, நியூ ஜெர்சி நியூவார்க்கின் வொயிட்ஹெட் அண்ட் ஹோக், கனெக்டிகட் வாட்டர்பரியின் ஸ்கோவில், சின்சினாட்டியின் ஆஸ்போர்ன், நியூரம்பர்க்கின் லாவர் ஆகியவை அப்படி அடிக்கடி வரும் பெயர்கள். இவர்கள் தொலைதூர ஊர்களுக்கும் அடித்துக்கொடுத்தார்கள். ஆனாலும் இந்த வரி தங்கம் போன்றது. வொயிட்ஹெட் அண்ட் ஹோக் 1892-இல் தொடங்கிய நிறுவனம் என்று தெரிந்தால் உங்கள் டோக்கனுக்குக் கீழ் எல்லை கிடைத்துவிடுகிறது. நான் புளியால் இழந்தது இப்படிப்பட்ட ஒரு வரியைத்தான்.

ஊர் பெயரே இல்லை. இது அரிதா?

அரிதல்ல, மிகச் சாதாரணம். உள்ளூர்க்காரர்களுக்கு அடித்த டோக்கனில் ஊர்ப் பெயர் எதற்கு? எல்லோருக்கும் தெரிந்த ‘பார்க்’ ஒன்றுதான் இருந்திருக்கும். இப்படி இடம் தெரியாத டோக்கன்களை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் ‘மேவரிக்’ என்கிறார்கள். டெக்சாஸில் சாமுவேல் மேவரிக் என்பவரின் மாடுகளுக்குச் சூட்டுக்குறி போடாமல் விட்டிருந்ததால், குறியில்லாத மாட்டுக்கே அவர் பெயர் ஆகிவிட்டது. குறியில்லாத டோக்கனுக்கு அங்கிருந்து வந்த பெயர் இது.

எங்கே தேடுவது?

இணையத்தில் டோக்கன் கேட்டலாக் என்ற தரவுத்தளத்தையும் நாணயச் சேகரிப்பாளர் தளமான நியூமிஸ்டாவில் டோக்கன்களுக்கான பகுதியையும் முதலில் பாருங்கள். அங்கே விட்டமும் உலோகமும் கொடுத்திருப்பார்கள். நீங்கள் அளந்து வைத்த எண்கள் அப்போதுதான் கைகொடுக்கும். டிராம் டோக்கன் என்று சந்தேகம் வந்தால் அமெரிக்க, கனடியப் போக்குவரத்து டோக்கன்களுக்கு அட்வுட்-காஃபி பட்டியல்தான் அளவுகோல்.

பட்டியலில் இல்லாவிட்டால் பூங்காவைத் தேட வேண்டும், டோக்கனை அல்ல. இதற்கு எனக்குப் பிடித்த மூலம், பலர் எதிர்பார்க்காத ஒன்று: பில்போர்டு இதழ். இன்று பாடல் தரவரிசைக்குப் பெயர் பெற்ற அது 1894-இல் சின்சினாட்டியில் விளம்பரத் தட்டிகளுக்கான இதழாகப் பிறந்து, விரைவில் சர்க்கஸ், கண்காட்சி, பொழுதுபோக்குப் பூங்கா ஆகியவற்றின் தொழில் இதழாக வளர்ந்தது. பழைய இதழ்களில் பூங்காக்களின் விளம்பரங்களும் குத்தகை அறிவிப்புகளும் நிறைந்திருக்கின்றன. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் கட்டணமின்றித் தரும் பழைய செய்தித்தாள்களும் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களும் அடுத்த படி. அந்த வரைபடங்கள் கட்டடம் கட்டடமாகத் தெருவைக் காட்டுபவை. ஒரு பூங்காவில் குடை ராட்டினம் எங்கே, நடன அரங்கம் எங்கே என்று அதில் விரல் வைத்துப் பார்க்கும்போது, கையில் இருக்கும் வில்லைக்கு ஒரு தரை கிடைத்ததுபோல இருக்கும்.

மிகப் பழையதாக எவ்வளவு தூரம் போகலாம்?

இயந்திரச் சவாரிகளுக்கு முன்பே கேளிக்கைத் தோட்டங்கள் இருந்தன. லண்டனின் வாக்ஸ்ஹால் தோட்டத்தில் பருவம் முழுதும் நுழைய வெள்ளியில் அனுமதி வில்லைகள் கொடுத்தார்கள்; உரியவரின் பெயரைப் பின்புறம் பொறித்துக்கொள்வார்கள். உரிமையாளர் ஜோனதன் டையர்ஸ், தமக்கு உதவிய ஓவியர் வில்லியம் ஹோகார்த்துக்குத் தங்கத்திலேயே நிரந்தர அனுமதி வில்லை கொடுத்தார். அது இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

போலி என்று எப்படிச் சந்தேகிப்பது?

வேலை செய்த டோக்கன் குறைவாகப் பேசும். பூங்கா பெயர், ஊர், மாநிலம், ஆண்டு, கவர்ச்சியான படம், வேடிக்கை வாசகம் எல்லாம் ஒரே வில்லையில் கூடி நின்றால் அது பின்னாளில் விற்பனைக்காக அடித்த நினைவுப்பொருளாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்து சென்ட் சவாரிக்கு யாரும் அவ்வளவு செலவழிக்கவில்லை. ஒரே தேய்மானத்தோடு, ஒரே நிறத்தோடு பத்துப் பன்னிரண்டு வில்லைகளை ஒருவரே விற்றாலும் நின்று யோசியுங்கள். உண்மையான புழக்கத் தேய்மானம் உயர்ந்த இடங்களில் மட்டும் இருக்கும், பள்ளங்களில் இருக்காது.

விலை எவ்வளவு போகும்?

ஊர் உறுதியானால் ஒரு விலை, உறுதியாகாவிட்டால் அதில் சிறு பகுதி. அந்த ஊர்க்காரர்களே அதிக விலை கொடுப்பவர்கள். சிறுவயதில் போன பூங்கா அது. துலக்கிய டோக்கனுக்கு மதிப்புக் குறையும்.

எப்படி வைத்துக்கொள்வது?

மென்மையான, வாசனை வீசும் பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம். அவற்றிலிருந்து கசிவது பித்தளையில் பச்சைப் பிசுக்காகப் படியும். பாலியெஸ்டர் உறை நல்லது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். பழைய செல்லுலாய்டு வில்லைகளைத் தனியே, வெப்பத்திலிருந்து விலக்கி வையுங்கள், எளிதில் தீப்பிடிக்கும்.

எவ்வளவு தேடியும் பூங்கா தெரியவில்லை. உறையில் என்ன எழுதுவது?

தெரிந்ததை மட்டும். ஊகத்தை எழுத வேண்டுமென்றால் பென்சிலால், கேள்விக்குறியோடு. ‘கோனி ஐலண்ட்’ என்று பேனாவால் எழுதிவிட்டால், அடுத்த தலைமுறையில் அந்த உறையைத் திறப்பவர் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்வார். கிளீவ்லாந்தில் ஓடிய ஒரு ராட்டினத்தின் கடைசிச் சாட்சி அங்கே தொலைந்துபோகும். நான் எழுதும் முறை இதுதான்: ‘லூனா பார்க். ஊர் தெரியவில்லை. ஒரு சவாரி. பித்தளை, அடர்த்தி 8.5. விட்டம், எடை, விளிம்பு.’ அதன் கீழே, யாரிடம் எந்த ஆண்டு எந்தக் குவியலிலிருந்து வந்தது என்று ஒரு வரி. கூடவே வந்த மற்ற நாணயங்கள் எந்த நாட்டினுடையவை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெரும்பாலும் ஆஸ்திரேலியப் பென்னிகளோடு வந்த லூனா பார்க் வில்லை என்றால், தேடலை மெல்போர்னிலிருந்து தொடங்கலாம்.